வளைவில்லாத ஊர்

இன்று காலை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பஸ்ஸுக்குள் அந்த வாடை வந்தது. பிரேக் லைனிங் சூடேறிக் கருகுகிற வாடை. மலைக்குப் புதியவர்கள் சேலைத் தலைப்பையும் கைக்குட்டையையும் எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பெண், "ஏனுங்க கண்டக்டர், என்னமோ தீயற மாதிரி இருக்குதுங்களே?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க, எறக்கத்துல அப்படித்தான் வரும், உக்காருங்க" என்றார் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மலையில் பஸ் ஓட்டிய உங்கள் காக்கிச் சட்டைகளைக் காலமெல்லாம் துவைத்தவள் நான். எத்தனை சோப்புப் போட்டாலும் காலரிலும் கைமடிப்பிலும் அந்த வாடை தங்கியிருக்கும். அப்போதெல்லாம் அது உங்கள் தொழிலின் வாடை, அவ்வளவுதான். இப்போது அது வந்தால் கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்க்க முடிவதில்லை.

சேலத்துக்குப் போனது ஓய்வூதியக் காகிதங்களில் கையெழுத்துப் போட. கிளை நூலகத்தின் சாவியை இந்த மாதக் கடைசியில் ஒப்படைத்துவிடுவேன். அதன் பிறகு கோவாவுக்குப் போகிறேன். சுற்றிப் பார்க்க அல்ல, குடியிருக்க. நாம் இரண்டு பேரும் போவதாக இருந்த அதே ஊருக்கு, அதே வீட்டுக்கு, தனியாக. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைப் பற்றிப் பேச எனக்கு உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கோவா பிடித்துப்போனது எப்படி என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து டூர் போனபோது நீங்கள்தான் வண்டி ஓட்டிப் போனீர்கள். திரும்பி வந்தபோது வெயிலில் முகம் கறுத்திருந்தது. மகளுக்கு முந்திரிப்பருப்புப் பொட்டலம், எனக்கு ஒன்றுமில்லை. வந்ததிலிருந்து சரியாகப் பேசவும் இல்லை. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று சொன்னீர்கள்.

"ஒரு டேங்க் டீசல்ல மாநிலத்தையே சுத்திரலாம் புள்ள. காலைல கெளம்புனா மத்தியானச் சோத்துக்குள்ள எல்லை வந்துருது."

"அத்தனூண்டு ஊர்ல அப்படி என்னங்க இருக்குது?"

"ஆறு இருக்குது. ரோட்டு ஓரத்துலயே ஆறு. கைய நீட்டுனா தண்ணி. ரோடு பாய் விரிச்ச மாதிரி கெடக்குது."

கடலைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நம் மலைக்கு வருகிறவர்கள் பனியைப் பார்த்து மயங்குவதில்லையா, அதுபோல. நூலகத்திலிருந்து கோவாவின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து உங்களுக்குப் படித்துக் காட்டினேன். கப்பல்கள் வந்து நின்ற ஆற்றுத்துறை, போர்த்துகீசியர் கட்டிய பெரிய நகரம், அந்த நகரத்தைக் கொள்ளைநோய் வந்து காலி செய்த கதை, மனிதர் போன பிறகும் நின்றுகொண்டிருக்கிற மாதா கோயில்கள். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பேர் செத்த இடமா என்று நிறுத்திவிட்டேன். நீங்கள் பீடியை அணைத்துவிட்டு, "ரோட்டப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு ஓர் ஐப்பசி மழையில்தான் தெரிந்தது.

அன்று நான் உங்கள் பஸ்ஸில் முன் ஸீட்டில் இருந்தேன். மத்தியான டிரிப். மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போவதற்காகச் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வளைவுகளில் செம்மண் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு முன்னால் ஏதோ ஒன்று விடாமல் கூவ ஆரம்பித்தது. கண்டக்டர் படியிலிருந்து ஓடிவந்து மீட்டரைப் பார்த்தார். "அண்ணே, பிரேக்குக்கு ஏர் எறங்குதுண்ணே" என்றார், எனக்குக் கேட்காது என்று நினைத்த குரலில். நீங்கள் கியரைக் குறைத்தீர்கள். வண்டி அடித்தொண்டையில் உறுமியது. உங்கள் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது, வண்டி நிற்கவில்லை. அடுத்த வளைவின் வெள்ளைக் கட்டை தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் பனி.

நீங்கள் பள்ளத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, முன்சக்கரத்தைத் தண்ணீர் வாய்க்காலில் இறக்கினீர்கள். பாறை வண்டியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே வந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். பிறகு நின்றுவிட்டது. மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. கரடியூர்க்காரப் பெரியவர் ஒருவர் ரோட்டிலேயே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்து காப்பாத்துனீங்க, உங்க கொலம் தழைக்கோணும்" என்று அழுதார். அடுத்த வாரம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். ஆட்டோக்காரர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இந்த மனுஷனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது எனக்குத்தான் தெரியும். சட்டைப் பொத்தானைக் கழற்ற உங்களால் முடியவில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. நான்தான் கழற்றினேன். பனியன் முழுக்க நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். தொட்டால் சூடாக இருந்தது, வியர்வை. காப்பித் தம்ளரைக் கொடுத்தேன். அது உங்கள் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. கீழே வைத்துவிட்டீர்கள்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கில்ல புள்ள. மொத நாள்ல இருந்தே."

எனக்கு விளங்கவில்லை.

"மொத நாள் வண்டிய எடுத்து எறங்குனனே, அன்னைல இருந்து. தெனம். ஒவ்வொரு வளைவுலயும். தூக்கத்துலகூட நான் எறங்கிட்டேதான் இருக்கறேன்."

"ஏனுங்க, இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா நீ ஏறுவியா? மகளப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி உட்டிருப்பியா? இந்த ஊர்ல ஒருத்தனாச்சும் ஏறுவானா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையிலிருந்து வண்டி உருண்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது என்று தோன்றியது. மகள் பள்ளிக்குப் போன வருஷங்கள், என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன நாட்கள், மூட்டை மூட்டையாக மிளகும் காப்பியும் ஆட்களும் இறங்கிய நாட்கள், எல்லாவற்றையும் நடுங்குகிற ஒரு மனிதர் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு இறக்கியிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கரடியூர் வியூ பாயிண்டுக்குக் கூட்டிப் போவீர்கள். எல்லாரும் கம்பியைப் பிடித்துப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வாடகை ஜீப்பில் சாய்ந்து, பள்ளத்துக்கு முதுகு காட்டி, டயரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தூங்கும்போது விரல்கள் மூடியே இருக்கும், எதையோ பிடித்திருப்பதுபோல. நான் பிரித்துவிட்டால் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

"வேற வேல பாக்கலாமுங்க" என்றேன்.

"எனக்கு வேற என்ன தெரியும்?" என்றீர்கள். தம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "எறக்கம் இல்லாத ஊர்ல ஓட்டலாம்" என்றீர்கள். அப்போதுதான் எனக்குக் கோவா புரிந்தது.

அடுத்து வந்த தை மாதத்தில் இரண்டு பேரும் ரயிலில் போனோம். மலைத்தொடரை ரயில் இறங்கத் தொடங்கும் முன் ஒரு ஸ்டேஷனில் வெகுநேரம் நின்றது. கூடுதலாக எஞ்சின் மாட்டினார்கள். ஏன் என்று நீங்கள் எதிர் ஸீட்டுக்காரரைக் கேட்டீர்கள். இறக்கத்தில் இழுத்துப் பிடிக்க என்றார் அவர். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா புள்ள, ரயிலுக்கே பயம் இருக்குது. அதுக்குத் தொணைக்கு எஞ்சின் குடுத்திருக்கான்" என்றீர்கள். அருவியைத் தாண்டி, சுரங்கங்களைத் தாண்டி, கடைசியில் சமவெளியில் தென்னை மரங்கள் தெரிந்தபோது, "இதுதான் கடைசி மலை" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

டூர் போனபோது உங்களுக்குப் பழக்கமான சேலம் அம்மாபேட்டைக்காரர் நம்மை அழைத்துக்கொண்டார். பழைய கோவாவின் படகுத்துறைக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்தார். அக்கரையில், ஆற்று நடுவே ஒரு தீவு. அங்கே அவர் குடியிருந்த வீட்டை ஒட்டி இன்னொரு சிறிய வீடு காலியாக இருந்தது. செம்புறாங்கல் சுவர், ஓட்டுக்கூரை, முற்றத்தில் துளசி மாடம். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பியைத் தகடாகத் தேய்த்துப் பதித்திருந்தார்கள். வெயில் அதன் வழியாகப் பால்போல உள்ளே வந்தது. தீவுப் பிள்ளைகளைப் படகுத்துறைக்குக் கொண்டுவந்து விட ஒரு வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று அம்மாபேட்டைக்காரர் சொன்னார். "அண்ணே, டாப் கியர் போட எடமே இருக்காது, மாட்டு வண்டி ஓட்டற மாதிரி ஓட்டலாம்" என்றார். நீங்கள் ரோட்டை நடந்தே பார்த்துவிட்டு வந்தீர்கள். காலையில் ரொட்டிக்காரர் சைக்கிளில் ரப்பர் ஹாரனைப் பாம்பாம் என்று அமுக்கிக்கொண்டு போனார். "இந்த ஊரு ஹாரனே இம்புட்டுத்தான்" என்று சிரித்தீர்கள்.

பயந்தது நான்தான். அந்தப் படகு நான் நினைத்த படகு இல்லை. இரும்புத் தட்டுபோல ஒன்று. ஸ்கூட்டர்களும் காரும் மீன்கூடைப் பெண்களும் அதில் ஏறி நின்றார்கள். தண்ணீர் தட்டுக்குச் சமமாக, காலுக்குப் பக்கத்திலேயே ஓடியது. பழுப்பு நிறம், அடி தெரியவில்லை. மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து பார்ப்பது, ஏற்காடு ஏரியைப்போல ஓர் ஓரத்தில் நின்று பார்ப்பது. இது நாலு பக்கமும் இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, இதுக்கு எறக்கமே கெடையாது" என்றீர்கள். எனக்கு அழுகை வந்தது. அன்று மத்தியானம் அம்மாபேட்டைக்காரர் வீட்டு பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினீர்கள். கை பெஞ்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் ரயிலில் சொன்னேன்: "நான் ரிட்டயர் ஆனதும் வந்துரலாமுங்க."

"நெசமாவா?" என்றீர்கள். அதற்குப் பிறகு சேலம் வரும்வரை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

காய்ச்சல் போன வருஷம் மழைக்காலத்தில் வந்தது. இரண்டு மூன்று நாளில் ஆளை உருக்கிவிட்டது. ஏற்காட்டில் பார்த்த டாக்டர் உடனே சேலத்துக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆம்புலன்ஸில் உங்களைப் படுக்க வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலை நேரம், ரோடு முழுக்கப் பனி. நீங்கள் கண்ணை மூடவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதல் வளைவு வந்தது. போர்வைக்குள் உங்கள் வலது கால் நீண்டு, ஸ்ட்ரெச்சரின் கம்பியை மிதித்தது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. அடுத்த வளைவில் மறுபடியும் மிதித்தது. கண்ணால் ரோட்டைப் பார்க்காமலே உங்கள் உடம்புக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது.

"தம்பிய ரெண்டாங் கியர்ல போடச் சொல்லு" என்றீர்கள். குரலே இல்லை, உதடுதான்.

நான் முன்பக்கம் தட்டினேன். "தம்பி, ரெண்டாவது கியர்ல போங்க. இவரு டிரைவருங்க, அவருக்குப் பயமா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "அவரு சொல்றாருங்க" என்றேன்.

"சரிங்கம்மா, மெதுவாத்தான் போறேன்" என்றார் அவர்.

நான் உங்கள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. நீங்கள் மிதிக்க மிதிக்க நானும் சேர்ந்து அழுத்தினேன். இறங்கி முடிகிறவரை விடவில்லை. அடிவாரம் வந்ததும் வண்டியின் சத்தம் மாறியது. உங்கள் பாதம் என் கைக்குள் தளர்ந்தது.

"எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சுங்க."

"சமதளமா?"

"சமதளந்தாங்க."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். சேலத்தில் அதற்குப் பிறகும் சில நாட்கள் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் தெளிவாக என்னிடம் பேசியது அதோடு சரி.

அன்றிலிருந்து அந்த ரோட்டில் போனால் என் கால் மிதிக்கிறது. இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாகப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் மிதிக்கிறது. நம் நாகலூரில் விடியற்காலை வரும் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன், யாரை எதிர்பார்த்து என்று தெரியாமல். இங்கேயே இருப்பதும் எனக்குப் பயம்தான்.

உங்களுக்குக் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அம்மாபேட்டைக்காரரின் மனைவி போன் செய்தாள். "அக்கா, அந்த ஊடு காலியாத்தான் இருக்குது. அண்ணன் இல்லைன்னா என்னக்கா, நீங்க வாங்க. இங்க கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வந்த நம்ம சனம் நொம்பப் பேரு இருக்குது. புள்ளைங்க தமிழ் பேசுதுங்க, ஒரு எழுத்துப் படிக்கத் தெரியல. நீங்க வந்து சொல்லிக் குடுங்க." முடியாது என்று வைத்துவிட்டேன். சில வாரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

ஏன் கூப்பிட்டேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அந்த ஊர் சிறியது என்பதுதான் முதலில் தோன்றுகிறது. அறுபது வயதுக்கு மேல் ஒரு பெரிய ஊரைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இதைக் கற்றுவிடலாம். மத்தியானத்தில் கடைகளைச் சாத்திவிட்டுத் தூங்குகிற ஊர். எத்தனையோ பேர் வந்து, ஆண்டு, போய்விட்ட பிறகும் அலட்டிக்கொள்ளாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிற ஊர். தனியாக ஒரு பெண் படகில் ஏறி நின்றால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பிறகு, உங்கள் விரல்கள் விரிந்திருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஆனால் பயம் போகவில்லை. அந்த ஊர் பாஷையில் வலி என்பதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாது. அங்கே மழை நம் மழையைவிடக் கடுமையாம், ஆனி, ஆடியில் நாள் கணக்கில் விடாமல் ஊற்றுமாம், சில நாள் படகே ஓடாதாம். அப்போது நெஞ்சு வலித்தால்? படகில் கால் வழுக்கினால்? யாரோ ஒருவர் என் முகத்தை மூடும்போது என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவராக இருந்தால்?

மகள் கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்கிறாள். மாப்பிள்ளையும் நல்லவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கை நடுங்குது?"

"பயமா இருக்குது கண்ணு."

"அப்பறம் எதுக்கும்மா? யாரு உன்னப் போகச் சொன்னது? வேண்டாம்னு சொல்லிரலாம், நான் பேசறேன்."

"பயமா இருக்குதுன்னுதான் சொன்னேன். போகலைன்னு சொல்லலியே."

அவள் எழுந்து வந்து சேலையின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மடித்தோம். அவளிடம் அப்போதும் நான் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு அப்பா என்றால் வளைவில் வண்டியைப் பாறையில் சாய்த்து நிறுத்தியவர். அது அப்படியே இருக்கட்டும்.

இன்று சேலத்திலிருந்து திரும்பி நாகலூரில் இறங்கியபோது வாழவந்திக்காரர் ஒருவர் எனக்குப் பையை இறக்கிக் கொடுத்தார். ஊரை விட்டுப் போகிறேன் என்று கேள்விப்பட்டிருந்தார். "டிரைவரண்ணன் மாதிரி ஒரு ஆள் இனிமே பொறக்கோணுங்க. பயம்னா என்னன்னே தெரியாத மனுஷனுங்க" என்றார். "ஆமாங்க" என்றேன்.

ஊரெல்லாம் உங்கள் தைரியத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பயத்தை நீங்கள் எனக்கு மட்டும்தான் கொடுத்தீர்கள். அந்தப் பயத்தோடுதான் தினமும் காலையில் ஸீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, வண்டியை எடுத்திருக்கிறீர்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். வேறு சாமான் அதிகம் இல்லை.